பார்க்கிங்கில் கல்கண்டு கிடந்தால் உஷார்!

எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்பற ஆளா நீங்க? கங்கிராட்ஸ்! இந்நேரம் உங்க வீட்டு ஹாலில் ரெண்டு பெரிய சூட்கேஸ் வாயைப் பிளந்துட்டுக் கிடக்கும். குக்கருக்கு எக்ஸ்ட்ரா கேஸ்கட் எடுத்து வைக்கச் சொல்லி சித்தி போன் பண்ணியிருப்பாங்க. பருப்புப் பொடியை மூணு கவர் போட்டுக் கட்டச் சொல்லி அம்மா அப்பாவை விரட்டிட்டு இருப்பாங்க. தெர்மல்ஸ் எங்கே சீப்பா கிடைக்கும், எந்த பேங்க்கில் அக்கவுன்ட் தொடங்கணும், எந்த புரொஃபசர் தாராளமா மார்க் போடுவார்... எல்லாத்துக்கும் சீனியர்ஸ் கிட்டே ஒரு லிஸ்ட் இருக்கும்.

அந்த லிஸ்ட்டில் இல்லாத ஒரு மேட்டரைத்தான் இங்கே சொல்லப் போறேன். மலை ஏறப் போகும்போது அடிவாரத்தில் நிறுத்திட்டுப் போற கார்!

சிரிக்காதீங்க பாஸ். 'நானே லோன் போட்டுப் போறேன், எனக்கேது கார்?'னுதான் எல்லாரும் ஆரம்பிப்போம். ஆறே மாசத்தில் நாலு பேர் பங்கு போட்டு ஒரு கிழட்டு கொரோலா வாங்கியிருப்பீங்க. இல்லைன்னா சீனியர் காரின் பின் சீட்டில் நடுவில் நெருக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. சனிக்கிழமை ஆனா எங்கேயாவது போகணும். மால் போனா காசு கரையும். மலைக்குப் போனா இட்லிப் பொட்டலமும் தண்ணி பாட்டிலும் போதும். அதனால் ஸ்டூடன்ட்ஸ் கூட்டம் மொத்தமும் மலைப் பக்கம்தான்.

நான் இருக்கறது வாஷிங்டன் மாநிலம், சியாட்டில். வெள்ளை மாளிகை இருக்கற வாஷிங்டன் இல்லை, இது நாட்டின் இன்னொரு கோடி. இங்கேயிருந்து ஐ-90 நெடுஞ்சாலையில் கிழக்கே சுமார் 30 மைல் போனா நார்த் பெண்ட்னு ஒரு சின்ன ஊர். அதன் தலைமாட்டில் மவுன்ட் சை நிக்குது. போக வர 8 மைல் நடை, ஏற வேண்டியது 3,000 அடிக்கு மேல். இன்னும் கொஞ்சம் தூரம் போனா ஸ்னோக்வால்மி கணவாய். அங்கே ரோட்டின் ரெண்டு பக்கமும் ஏரி, அருவி, பாறை முகடுனு கொட்டிக் கிடக்குது. நடைபாதை தொடங்கற இடத்துக்கு இங்கே 'ட்ரெயில்ஹெட்'னு பேர். ஒரு தகவல் பலகை, ஒரு கழிப்பறை, கார் நிறுத்த ஒரு மைதானம். அவ்வளவுதான்.

நம்ம ஊர் மலையடிவாரத்தை நினைச்சுப் பாருங்க. வெள்ளியங்கிரி ஏறப் போறீங்க. பூண்டியில் மூங்கில் கம்பு விக்கறவர் இருப்பார், டீக்கடை இருக்கும், கோயில் இருக்கும், வேன் டிரைவர் சீட்டைச் சாய்ச்சுப் போட்டுத் தூங்கிட்டிருப்பார். பையைக் கடையில் வெச்சுட்டு, 'அண்ணே, பாத்துக்கங்க'னு சொன்னா முடிஞ்சது. திருட்டே நடக்காதுன்னு சொல்ல வரலை. ஆனா எப்பவும் ஒரு மனுஷக் கண்ணு அங்கே இருக்கும்.

அமெரிக்க ட்ரெயில்ஹெட்டில் அந்தக் கண்ணு கிடையாது. 100 கார் நிக்கும். ஒரு கடை கிடையாது, காவலாளி கிடையாது, பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது. காரை விட்டு இறங்கினவங்க எல்லாரும் மலைமேல். திருடனோட இடத்தில் இருந்து யோசிச்சுப் பாருங்க. ஷாப்பிங் மால் வாசலில் நிக்கற கார்க்காரன் ரெண்டு நிமிஷத்தில் திரும்பி வரலாம், ரெண்டு மணி நேரம் கழிச்சும் வரலாம். ட்ரெயில்ஹெட்டில் அந்த டென்ஷனே இல்லை. தகவல் பலகையிலேயே எழுதியிருக்கு, போக வர 8 மைல்னு. பையை மாட்டிட்டு நீங்க மரத்துக்குப் பின்னாடி மறைஞ்ச அந்த நொடியில், குறைஞ்சது நாலு மணி நேரத்தை அவன் கையில் கொடுத்துட்டுப் போறீங்க.

அவனுக்குத் தேவைப்படறது சில விநாடிகள்தான்.

இங்கே கொஞ்சம் இன்ஜினீயரிங். காரின் முன் கண்ணாடி ரெண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் தாள் வெச்சு ஒட்டினது. அடி வாங்கினா விரிசல் விடும், சட்டுனு கொட்டாது. பக்கவாட்டு ஜன்னல் பெரும்பாலான கார்களில் அப்படியில்லை. அது சூடுபடுத்தி வேகமா குளிர வெச்ச டெம்பர்டு கண்ணாடி. சரியான இடத்தில் ஒரு குத்து விழுந்தா மொத்தமும் பொலபொலன்னு சின்னச் சின்னக் கட்டியா உதிர்ந்துடும். விபத்தில் ஆளைக் குத்திக் கிழிக்கக் கூடாதுன்னு செஞ்ச நல்ல ஏற்பாடு. அதே ஏற்பாடு திருடனுக்கும் கையைக் கிழிக்காது. கொடுமையைப் பாருங்க!

அந்தக் கட்டிகள் தரையில் கிடக்கறதைப் பார்த்தா அசல் கல்கண்டுதான். லேசான பச்சை நிறத்தில், வெயில் பட்டா மினுக்கும். கார் நிறுத்தி இறங்கினதும் முதல் வேலையா தரையைப் பாருங்க. காலடியில் கல்கண்டு சிதறிக் கிடந்தா, அந்த இடத்தில் ஏற்கெனவே யாரோ ஒருத்தர் சாயங்காலம் தலையில் கை வெச்சு நின்னிருக்காங்கன்னு அர்த்தம். அங்கே நிறுத்தாதீங்க. வேற மலையா இல்லை? இந்த மாநிலத்தில் மலைக்கா பஞ்சம்!

கண்ணாடி போனா போகட்டும், லேப்டாப் போனா அழுது முடிச்சு இன்னொண்ணு வாங்கிக்கலாம். உள்ளூர்க்காரங்களுக்கு அதோட கதை முடிஞ்சது. நம்மளை மாதிரி விசாவில் வந்த பசங்களுக்கு அப்படி முடியறதில்லை. அதுக்குத்தான் இந்தக் கதையைச் சொல்லணும்.

2022 ஆகஸ்ட். எங்க காலேஜ் பழைய செட் நண்பன் ஒருத்தன், இந்த மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கற புல்மன் நகரத்தில் படிச்சிட்டிருந்தான். புதுசா வர்ற மூணு ஜூனியர்களை சியாட்டில் ஏர்போர்ட்டில் கூட்டிட்டுப் போக வேன் எடுத்துட்டு வந்தான். புல்மன் போக ஐ-90 வழியாக் கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். கணவாய் வந்ததும் பிள்ளைங்க மூணும் ஜன்னலில் மூக்கை ஒட்டிட்டு 'வாவ்'னு கத்தியிருக்காங்க. சரி, ஒரு ஏரியைக் காட்டிட்டுப் போவோம், ஒரு மணி நேரம்தானேன்னு வண்டியை ஓரங்கட்டினான். வேனின் பின்கண்ணாடி வழியா ஆறு பெரிய சூட்கேஸ், விமான டேக் கூட கிழிக்காம, சரவணா ஸ்டோர்ஸ் ஷோகேஸ் மாதிரி தெரியுது!

அதில் ஒரு பொண்ணு திருநெல்வேலிப் பக்கம். பாஸ்போர்ட், ஐ-20, டிகிரி, மார்க் ஷீட் எல்லாம் ஒரே ஃபைலில். அதை மலைக்குத் தூக்கிட்டுப் போனா எங்கேயாவது விழுந்துடும், ஏரித் தண்ணியில் நனைஞ்சுடும்னு பயந்து, 'பத்திரமா இருக்கட்டும்'னு பேக்பேக்கோடு சீட்டுக்கு அடியில் வெச்சுட்டுப் போயிருக்கு. ஊரில் இருந்து கிளம்பும்போது அப்பா நூறு தடவை சொல்லி அனுப்பின வார்த்தை: ஃபைல் பத்திரம்.

ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தா சீட் முழுக்கக் கல்கண்டு.

ரெண்டு சூட்கேஸும் அந்த பேக்பேக்கும் போயிருந்தது. இன்னொரு சூட்கேஸைத் திறந்து கிளறிட்டு, பொடி டப்பாக்களை மட்டும் பத்திரமா விட்டுட்டுப் போயிருந்தாங்க. சிக்னல் இல்லாம, அஞ்சாறு மைல் கீழே இறங்கி வந்து எனக்கு போன் பண்ணினான். நான் போய்ச் சேர்ந்தப்போ கறுப்புக் குப்பைப் பையை வெட்டி ஜன்னலில் டேப் போட்டு ஒட்டிட்டிருந்தாங்க. அந்தப் பை காத்தில் படபடபடன்னு அடிச்சிட்டே வந்ததாம், புல்மன் வரைக்கும். யாரும் யார் கூடவும் பேசிக்கலையாம்.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் நீங்க கவனமா கேக்கணும். ஐ-20 பிரச்னையில்லை, யுனிவர்சிட்டி புதுசா கொடுத்துடுச்சு. ஐ-94ஐ இணையத்தில் இருந்து எடுத்தாச்சு. பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் ரிப்போர்ட் வெச்சு இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பணும். அப்போ இந்த மாநிலத்துக்கு சான் பிரான்சிஸ்கோ தூதரகம்தான். சியாட்டிலில் தூதரகம் வந்தது 2023 நவம்பரில். சோஷியல் செக்யூரிட்டி நம்பருக்கு விண்ணப்பிக்கவே பாஸ்போர்ட் கேப்பாங்க, அது வர்ற வரைக்கும் அதுவும் இழுத்துட்டு நின்னுது.

பாஸ்போர்ட் கடைசியில் வந்துடுச்சு. அதில் விசா இல்லையே! தொலைஞ்ச விசாவுக்குப் பதில் இன்னொண்ணை அமெரிக்காவுக்குள்ளே இருந்துட்டு வாங்கவே முடியாது. உள்ளே படிச்சிட்டு இருக்கறதுக்குத் தடையில்லை, ஸ்டேட்டஸ் சரியா இருந்தா போதும். ஆனா ஒரு தடவை வெளியே போனா, மறுபடி அமெரிக்கத் தூதரகத்தில் அப்பாயின்ட்மென்ட், இன்டர்வியூ, ஸ்டாம்பிங்னு முதல்ல இருந்து. செமஸ்டர் நடுவில் அந்த ரிஸ்க் எடுக்க அந்தப் பொண்ணுக்கு தைரியம் வரலை. 2023 தை மாசம் அக்கா கல்யாணம். ஊரில் காலையில் முகூர்த்தம்னா இங்கே முதல் நாள் சாயங்காலம். லேப் முடிச்சு வந்து, ரூம் கதவைச் சாத்திட்டு, பட்டுப்புடவை கட்டிட்டு வீடியோ காலில் உட்கார்ந்திருந்ததாம். நாத்தனார் முடிச்சுப் போடற நேரத்தில் போனைப் பிடிச்சிருந்த தம்பி கை நடுங்கி, தரையைக் காட்டிட்டானாம்.

டிகிரி, மார்க் ஷீட்டுக்கு அங்கே அப்பா அலைஞ்ச அலைச்சல் தனிக் கதை. திருட்டு நடந்தது வாஷிங்டனில். டூப்ளிகேட் கேக்கறது தமிழ்நாட்டில். எந்த ஸ்டேஷன் சான்றிதழ் கொடுக்கும், சொல்லுங்க?

யார் எடுத்தாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியலை. நம்ம பசங்க கூட்டத்தில் இதைப் பேசும்போது உடனே 'இந்த ஆளுங்க இப்படித்தான்'னு ஒரு இனத்தைக் கை காட்டறவங்க உண்டு. யாருமே பார்க்காத ஒருத்தனுக்கு எப்படிங்க முகம் வரையறீங்க?

சரி, இப்போ என்ன பண்ணலாம்?

முதல் விஷயம், டிக்கியை லாக்கர்னு நினைக்காதீங்க. பல கார்களில் டிரைவர் சீட் பக்கத்திலேயே டிக்கி திறக்கற பட்டன் இருக்கும். பின் சீட்டை மடிச்சா டிக்கிக்குள் கை போகும். ஒரு ஜன்னல் உடைஞ்சா டிக்கியும் திறந்த மாதிரிதான். ஹேட்ச்பேக், எஸ்.யூ.வி.ன்னா கேக்கவே வேண்டாம்.

அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு தினமும் நடக்குது. பார்க்கிங்கில் வந்து இறங்கி, ஜாலியாப் பேசிட்டே, லேப்டாப் பையையும் ஹேண்ட்பேக்கையும் சீட்டில் இருந்து எடுத்து டிக்கியில் போட்டு 'டப்'புனு சாத்தறது. பக்கத்துக் காரில் ஒருத்தன் சீட்டைச் சாய்ச்சுட்டு போன் நோண்டற மாதிரி உட்கார்ந்திருந்தா? அவன் கிட்டே போய், 'சார், நாங்க இதை இங்கே வெச்சிருக்கோம், அஞ்சு மணிக்குத்தான் வருவோம்'னு பெட்டிஷன் எழுதிக் கொடுத்த மாதிரி! டிக்கியில் வெச்சே ஆகணும்னா கிளம்பற வீட்டிலேயே வெச்சுடுங்க. வழியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி மாத்தினாலும் சரி. ட்ரெயில்ஹெட் வந்தப்புறம் டிக்கி திறக்கவே கூடாது.

இதுகூட ரெண்டாம் பட்சம்தான். காரை மொட்டையா வெச்சுட்டுப் போறதுதான் உருப்படியான வழி. மதிப்பான பொருள் மட்டும் இல்லாம இருந்தா போதாது. எந்தப் பையும் தெரியக் கூடாது. உள்ளே நாத்தம் பிடிச்ச சாக்ஸ்தான் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். வெளியே நிக்கறவனுக்கு அது ஒரு பை. மூடின பை எல்லாமே அவனுக்கு லாட்டரி டிக்கெட். சார்ஜர் ஒயர் தொங்கினா போன் உள்ளே இருக்கும்னு நினைப்பான். போர்வை போட்டு மூடி வெச்சா, ஏதோ இருக்கறதால்தானே மூடி வெச்சிருக்கான்னு நினைப்பான். அதனால் இங்கே பழக்கப்பட்டவங்க சிலர் டேஷ்போர்டு பெட்டியையும், ரெண்டு சீட்டுக்கு நடுவில் இருக்கற பெட்டியையும் திறந்தே போட்டுட்டுப் போவாங்க. 'பாத்துக்கப்பா, காலி'ன்னு. எனக்கு இது பிடிச்சிருக்கு.

'உள்ளே ஒண்ணும் இல்லை'ன்னு சீட்டு எழுதிக் கண்ணாடியில் ஒட்டறவங்களும் இருக்காங்க. 'இங்கே நோட்டீஸ் ஒட்டாதீர்'னு எழுதின சுவரில் நம்ம ஊரில் என்ன நடக்கும்? அதே மரியாதைதான் இதுக்கும்னு தோணுது. இன்னொரு கோஷ்டி, கதவைப் பூட்டாம விட்டா கண்ணாடியாவது மிஞ்சும்னு சொல்லும். எனக்கு உடன்பாடில்லை. கலிஃபோர்னியாவில் ரொம்ப காலமா ஒரு வினோதம் இருந்தது. கார்த் திருட்டு வழக்கை நிரூபிக்கணும்னா கதவு பூட்டியிருந்ததுன்னு கோர்ட்டில் காட்டணும். கண்ணாடி சுக்கு நூறா கிடந்தாலும் சரி! அந்த ஓட்டையை அடைக்க 2024-ல் எஸ்.பி. 905-ன்னு ஒரு சட்டம் போட்டாங்க. 2025 ஜனவரியில் இருந்து அமல். இவ்வளவு கஷ்டப்பட்டு ஓட்டையை அடைச்சிருக்காங்க, நாம ஏன் கதவைத் திறந்து வைக்கணும்?

கலிஃபோர்னியா பேச்சு வந்ததால் இன்னொருத்தரையும் அறிமுகப்படுத்திடறேன். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் காரை உடைக்கறது மனுஷங்க மட்டும் இல்லை, கரடியும்தான்! அங்கே 1998-ல் மட்டும் கரடிகள் பண்ணின கலாட்டா 1,500-க்கும் மேல் பதிவாச்சு. அதில் பெரும்பங்கு காருக்குள் சாப்பாடு தேடினது. கதவை மேலே இருந்து பிடிச்சு, வாழைப்பழத் தோல் மாதிரி உரிச்சுடும். அப்புறம் பூங்காக்காரங்க இரும்புப் பெட்டி வெச்சு, ராத்திரியில் காருக்குள் சாப்பாடு வைக்கக் கூடாதுன்னு கறார் பண்ணினப்புறம் எண்ணிக்கை பலமா குறைஞ்சது. கரடியைச் சுட்டுக் குறைக்கலை, கார்களைக் காலி பண்ணிக் குறைச்சாங்க. கவனிச்சீங்களா, கரடிக்கும் திருடனுக்கும் ஒரே சிலபஸ்தான். ஐஸ் பெட்டி கண்ணில் பட்டா கரடி கூட அதை அடையாளம் கண்டுபிடிச்சுடும்னு பூங்காவிலேயே சொல்றாங்க. அதனால் அங்கே போனா அந்த ஊறுகாய் பாட்டிலையும் காரில் விடாதீங்க.

இப்போ பேப்பர் விஷயம். வார இறுதி மலைக்குப் பாஸ்போர்ட் எதுக்குங்க? வீட்டில் பூட்டி வைங்க. 18 வயசான வெளிநாட்டவங்க பதிவுச் சான்று கையில் வெச்சிருக்கணும்னு அமெரிக்கச் சட்டம் சொல்லுது. நமக்கு அது ஐ-94. அதை பிரின்ட் எடுத்து ஜிப் கவரில் போட்டு, முதுகில் மாட்டற பையில் வெச்சுக்கங்க. மாநிலம் விட்டு மாநிலம் போறீங்க, பாஸ்போர்ட் கையில் இருக்குன்னா, அது உங்க உடம்போடு மலை ஏறட்டும். நனையுமேன்னு கவலைப்பட்டா இன்னொரு கவர் போடுங்க. பருப்புப் பொடிக்கே மூணு கவர் போட்டவங்க நாம! ஏர்போர்ட்டில் இறங்கி நேரா ஊருக்குப் போற அன்னிக்கு, எவ்வளவு அழகான ஏரி கூப்பிட்டாலும், சூட்கேஸோடு எங்கேயும் இறங்காதீங்க. சீனியர் ஆசையாத்தான் கூப்பிடுவார். 'அடுத்த வாரம் வர்றேன் அண்ணா'ன்னு சொல்லிடுங்க. ஏரி அங்கேயேதான் இருக்கும். டீ குடிக்க நிறுத்தினாலும் ஒருத்தர் வண்டியில் இருக்கணும்.

பர்ஸில் சோஷியல் செக்யூரிட்டி கார்டு வெச்சிருக்கற பசங்களை இப்பவும் பார்க்கறேன். எடுத்து வீட்டில் வைங்க முதல்ல. அந்த நம்பர் போனா உங்க பேரில் வேறொருத்தன் கடன் வாங்கலாம். பர்ஸையே எடுத்துட்டுப் போக வேண்டியதில்லை. லைசென்ஸ், ஒரு கார்டு, கொஞ்சம் காசு போதும். ஏன்னா கார்டு திருடினவன் மலை இறங்கற வரைக்கும் சும்மா இருக்க மாட்டான். நீங்க மேலே செல்ஃபி எடுத்துட்டிருக்கும்போது அவன் ஏதோ ஒரு பெரிய கடையில் கிஃப்ட் கார்டு வாங்கிட்டிருப்பான். பேங்க் உங்களுக்கு மெசேஜ் அனுப்பும், மலையில் சிக்னல் இருக்காது.

கார்ச் சாவி உங்க பையின் உள் ஜிப்பில். டயர் மேல் ஒளிச்சு வைக்கற ஐடியா உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடியே அவனுக்கு வந்துடும். கராஜ் உள்ள வீட்டில் குடியிருந்தா, கதவு திறக்கற ரிமோட்டைக் காரில் விடாதீங்க. காரில் இருக்கற ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பரில் உங்க அட்ரஸ் இருக்கு. ரிமோட்டும் அட்ரஸும் ஒரே இடத்தில் கிடைச்சா அடுத்து வீடுதான்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். போர் அடிக்குதுன்னு தாண்டிடாதீங்க. பழைய கார் வாங்கற பசங்க காசு மிச்சம் பிடிக்க, சட்டம் கேக்கற லயபிலிட்டி இன்ஷூரன்ஸை மட்டும் எடுப்போம். அதில் உடைஞ்ச கண்ணாடிக்குப் பைசா வராது. காம்ப்ரிஹென்சிவ் எடுத்திருந்தாத்தான் கண்ணாடி. அதிலேயும் காருக்குள் இருந்த லேப்டாப், பை எல்லாம் வராது. அது வாடகை வீட்டுக்கு எடுக்கற ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் கணக்கில் வரும். பல அப்பார்ட்மென்ட்காரங்க அதை எடுத்தாத்தான் சாவியே கொடுப்பாங்க. ஆனா அது வீட்டுக்குள் நடக்கற திருட்டுக்கு மட்டும்னு நினைச்சுட்டு, பலபேர் கேக்காமலே விட்டுடறாங்க. ரெண்டிலேயும் முதல் குறிப்பிட்ட தொகை உங்க பாக்கெட்டில் இருந்துதான். பாலிசியை ஒரு தடவை முழுசா படிச்சு வெச்சுக்கங்க. லேப்டாப் சீரியல் நம்பர், போன் ஐ.எம்.இ.ஐ. நம்பர் ரெண்டையும் எழுதி, பாஸ்போர்ட் ஸ்கேனோடு சேர்த்து உங்களுக்கே ஒரு மெயில் போட்டு வைங்க. ஐந்து நிமிஷ வேலை.

இவ்வளவுக்கு அப்புறமும் கண்ணாடி உடைஞ்சிருந்தா? ஆள் இன்னும் அங்கேயே நிக்கற மாதிரி இருந்தா கிட்டே போகாதீங்க, ஹீரோயிசம் வேண்டாம். தள்ளிப் போய் 911. ஆள் இல்லைன்னா எதையும் தொடறதுக்கு முன்னாடி போட்டோ. சிக்னல் கிடைச்ச முதல் இடத்தில் பேங்குக்கு போன், அதுக்கப்புறம்தான் அழுகை, அம்மா எல்லாம். புகாரைப் பல கவுன்ட்டிகளில் ஆன்லைனிலேயே கொடுக்கலாம். வாஷிங்டனில் இந்தக் குற்றம் சட்டப் புத்தகத்தில் 'வெஹிக்கிள் ப்ரௌலிங்', சாதாரணக் காரா இருந்தா பெரிய குற்ற வரிசையில் வராது. துப்பறியும் படை கிளம்பி வரும்னு எதிர்பார்க்காதீங்க. ஆனாலும் புகார் நம்பர் இல்லாம இன்ஷூரன்ஸும் நகராது, பாஸ்போர்ட்டும் நகராது. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் போயிருந்தா ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூணு கம்பெனியிலும் உங்க கிரெடிட்டை ஃப்ரீஸ் பண்ணச் சொல்லுங்க. 2018 செப்டம்பரில் இருந்து அது இலவசம். பாஸ்போர்ட் போயிருந்தா, விசா கொடுத்த தூதரகத்துக்கும் தெரிவிக்கணும். அப்படித் தெரிவிச்சப்புறம் பழைய பாஸ்போர்ட் திரும்பக் கிடைச்சாலும் அந்த விசா செல்லாது.

பயமுறுத்தி வீட்டில் உட்கார வைக்கறதா நினைக்காதீங்க. கல்யாணத்தை வீடியோவில் பார்த்த அந்தப் பொண்ணு 2024-ல் ஊருக்குப் போய் விசா ஸ்டாம்ப் வாங்கிட்டு, அக்கா குழந்தையையும் பார்த்துட்டு வந்துடுச்சு. இப்போ எங்க கூட்டத்தில் அதிகம் மலை ஏறறது அதுதான். அதோட காரைத் திறந்து பார்த்தா ஒரு டிஷ்யூ பேப்பர் கூட இருக்காது.

முதல் மலையா எதை ஏறலாம்னு கேட்டா, நார்த் பெண்ட் பக்கத்தில் ராட்டில்ஸ்னேக் லெட்ஜ். ஏத்தம் 1,100 அடி சொச்சம்தான். உச்சிப் பாறையில் நின்னா கீழே ராட்டில்ஸ்னேக் ஏரி தெரியும். அந்த இடத்தில் மான்க்டன்னு ஒரு ஊரே இருந்தது, 1915-ல் தண்ணியில் முழுகிடுச்சு. கோடையில் தண்ணி இறங்கும்போது பழைய அடிமரங்கள் வெளியே தலைகாட்டும். சனி, ஞாயிறுன்னா பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிடும், காலையில் 7 மணிக்குள் போயிடுங்க. இறங்கினதும் தரையைப் பாருங்க.